தார்ச்சாலை பாதி, மண்பாதை பாதி: சைக்கிள் டயர் தொல்லைகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

நீண்ட சைக்கிள் பயணத்துக்குத் தயாராகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த டயர் வாங்கலாம்?" நான் திருப்பிக் கேட்பது, "இப்போது இருக்கிற டயர் என்ன தொல்லை தருகிறது?" கூட வருகிறவர்களின் சக்கரங்களைப் பாதையோரத்தில் உட்கார்ந்து கழற்றிக் கழற்றி வந்த பழக்கம் இது. பலருக்குக் காற்றளவைச் சரிசெய்ததுமே புது டயர் வாங்கும் எண்ணம் போய்விட்டது. சிலருக்கு நிஜமாகவே வேறு டயர் வேண்டியிருந்தது. ஆனால் அவர்கள் வாங்க நினைத்திருந்தது அந்த டயரை அல்ல.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் தொல்லை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், டயரையே மாற்றுவது கடைசியில்.

## எதற்கும் முன்னால் இரண்டு எண்கள்

டயரின் பக்கச்சுவரில் 40-622 என்பதுபோல ஓர் எண் இருக்கும். முன்னது டயரின் அகலம், பின்னது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 700சி என்றும் 29 இன்ச் என்றும் விற்பது ஒரே 622தான். 650பி, 27.5 இன்ச் இரண்டும் 584. '26 இன்ச்' என்ற பெயரை மட்டும் நம்பாதீர்கள். மலைச் சைக்கிளின் 26 என்பது 559, 26 x 1 3/8 என்று போட்டிருப்பது 590. ஒன்றுக்கான டயர் மற்றதில் உட்காராது.

இரண்டாவது எண் காற்றளவு, அதாவது டயருக்குள் இருக்கும் காற்றழுத்தம். பிஎஸ்ஐ அதன் அலகு. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்கிற அளவை நான் ஏற்பதில்லை. 35 பிஎஸ்ஐக்கும் 50 பிஎஸ்ஐக்கும் வித்தியாசம் விரலுக்குச் சரியாகத் தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். மீட்டர் உள்ள பம்பால் ஒருமுறை பாருங்கள். மீட்டரில் பார் அளவு மட்டும் இருந்தால் 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது தாண்டக் கூடாத அளவு, அதுவரை அடிக்க வேண்டும் என்று பொருள் இல்லை.

ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ சொச்சம் என்றால், 40 மி.மீ. டயரில் நான் தொடங்குவது பின்னால் 45, முன்னால் 38 பிஎஸ்ஐ. 50 மி.மீ. டயரில் 35, 30. அங்கிருந்து ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

எந்தச் சோதனையும் முழு மூட்டையும் ஏற்றிய பிறகுதான். வெறும் வண்டியில் அருமையாக ஓடிய டயர், பாரம் ஏறியதும் வேறு டயர்.

## தார்ச்சாலையில் வண்டி இழுக்கிறது, டயர் ஊளையிடுகிறது

முதலில் டயர்மேல் பழி போடாதீர்கள். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டு சுற்றிலேயே நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் பேரிங் இறுகியிருக்கிறது. பிரேக்கை நீங்களே சரிசெய்யலாம். ஹப்பில் கரகரவென்று மணல் அரைபடும் சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறது என்றால் காற்றைப் பாருங்கள். மண்பாதைக்காக நேற்று இறக்கிவிட்டு, இன்று தார்ச்சாலையில் அப்படியே மிதித்துக்கொண்டிருப்பீர்கள். 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏற்றியதும் வித்தியாசம் காலுக்குத் தெரியும்.

காற்றும் சரி என்றால் டயரின் நடுப்பகுதியைப் பாருங்கள். உயரமான ரப்பர்ப் பட்டன்கள் தள்ளித்தள்ளி நிற்கின்றனவா? ஊளை அங்கிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு பட்டனும் தாரில் வளைந்து நிமிர்கிறது, உங்கள் உழைப்பில் கொஞ்சம் அதற்குப் போகிறது. அப்படி ஒருவர் பின்னால் வந்தால் திரும்பிப் பார்க்காமலே ஆள் யாரென்று சொல்லிவிடலாம். இதற்கு மாற்று: நடுவில் பட்டன்கள் நெருக்கமாக, கிட்டத்தட்டத் தொடர்ந்த கோடுபோல ஓடி, ஓரங்களில் மட்டும் தள்ளி நிற்கும் டயர். கலப்புப் பாதைக்கு நான் முதலில் சொல்வது இந்த வகையைத்தான்.

நடுப்பகுதி வழவழப்பாகவே இருந்தும் இழுக்கிறது என்றால் டயரின் கனத்தைச் சந்தேகியுங்கள். பஞ்சருக்குப் பயந்து தடித்த காப்புப் பட்டை வைத்த டயர் வாங்கி, அதற்குள் இன்னொரு ரப்பர்ப் பட்டையையும் நுழைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பஞ்சர் ஆகாது, உண்மைதான். ஆனால் நாள் முழுக்க ஏற்றத்தில் மிதிப்பதுபோல இருக்கும். உள்பட்டையை உருவிவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள்.

அகலத்தைக் குறைத்தால் வேகம் வந்துவிடும் என்று 28 மி.மீ.க்கு இறங்காதீர்கள். சரியான காற்றுடன் 40 மி.மீ. டயர் தாரில் தடையாக இருக்காது. முதல் சரளைப் பாதையிலேயே 28 மி.மீ. அழவைத்துவிடும்.

## சரளையிலும் மண்ணிலும் முன்சக்கரம் வழுக்குகிறது

காற்று அதிகமா? பெரும்பாலும் ஆம். கல்மேல் டயர் அமுங்கிப் பிடிக்காமல் பந்துபோலத் தெறிக்கிறது. 5 பிஎஸ்ஐ இறக்குங்கள், நூறு மீட்டர் ஓட்டுங்கள், தேவையானால் இன்னும் 3 இறக்குங்கள். எங்கே நிறுத்துவது? கல்லில் ஏறும்போது ரிம் 'டக்' என்று தட்டுப்படும் அளவுக்குப் போய்விட்டால் நீங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். அங்கிருந்து 4, 5 பிஎஸ்ஐ திரும்ப ஏற்றுங்கள்.

மூட்டை எல்லாம் பின் கேரியரிலா? அப்படியானால் முன்சக்கரம் எடையில்லாமல் மிதக்கிறது. ஏற்றத்தில் கைப்பிடி தானாக ஆடுவதும் இதனால்தான். தண்ணீர், கருவிப்பை போன்ற கனமானவற்றை முன்னால், தாழ்வாகக் கட்டுங்கள். புது டயர் செய்யாததை இது செய்யும்.

எப்போது வழுக்குகிறது? நேராக இறங்கும்போது என்றால் முன் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். வளைவில் மட்டும் என்றால் ஓரப் பட்டன்களைத் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கி உருண்டையாகியிருந்தால் டயரின் காலம் முடிந்தது.

டயரை மாற்றத்தான் வேண்டும் என்றால் இரண்டையும் மாற்றாதீர்கள். முன்னால் பட்டன் உள்ளது, பின்னால் வழவழப்பானது என்று கலந்து போடுவதில் தப்பே இல்லை. பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் கீழேதான். அழகுக்கு இரண்டும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.

அகலத்துக்கு என் கணக்கு இது. மண்பாதை ஐந்தில் ஒரு பங்குதான், அதுவும் கெட்டியான தரை என்றால் 38 முதல் 40 மி.மீ. போதும். பாதிக்குப் பாதி என்றால் 42 முதல் 50. கல்லும் மணலும் அதிகம் என்றால் 50க்கு மேல், சைக்கிளில் இடமிருந்தால். ஆழமான மணலில் பட்டன் உதவாது, அகலமும் குறைந்த காற்றும்தான் உதவும். களிமண் சேற்றுக்கு நல்ல டயர் தாருக்கு ஆகாது, தாருக்கு நல்லது சேற்றுக்கு ஆகாது. அங்கே இறங்கித் தள்ளுங்கள், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

## திரும்பத் திரும்பப் பஞ்சர்

ஒட்டிவிட்டுக் கிளம்பி, ஐந்து கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கினால் அது துரதிர்ஷ்டம் அல்ல. முதல் பஞ்சரின் காரணம் இன்னும் உள்ளேயே இருக்கிறது. அதனால் ஒட்டுவதற்கு முன் ஓட்டையைப் படியுங்கள்.

அதற்கு வசதியாக டயரை மாட்டும்போதே ஒரு வேலை செய்து வையுங்கள். டயரில் எழுதியிருக்கும் பெயர் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். அப்புறம் டியூபில் ஓட்டை வால்விலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால், டயரிலும் அதே ஒரு சாண் தள்ளித் தேடினால் போதும், முள் அங்கே இருக்கும். டியூபை எந்தப் பக்கம் திருப்பி எடுத்தோம் என்று மறந்துபோனாலும் தேட வேண்டியது இரண்டே இடங்கள்.

### இரண்டு ஓட்டைகள், பக்கத்தில் பக்கத்தில்

பாம்பு கடித்ததுபோல இருக்கும். முள் எதுவும் இல்லை. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. காற்றைக் கூட்டுங்கள். கூட்டினால் மண்பாதையில் துள்ளுகிறது, குறைத்தால் நசுங்குகிறது என்றால் பாரத்துக்கு டயர் போதவில்லை. காப்புப் பட்டை இங்கே உதவாது, இன்னும் அகலமான டயர்தான் தீர்வு.

### ஒரே ஓட்டை, தரைப்பக்கம்

முள், கண்ணாடி, கம்பித்துண்டு. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர் வெடித்துச் சிதறிய இடங்களில் கிடக்கும் மெல்லிய எஃகுக் கம்பிதான் இவற்றில் மோசமானது. முடிபோல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. விரலால் துழாவினால் விரலைக் கிழிக்கும். டயரின் உள்பக்கம் பஞ்சையோ பழைய துணியையோ இழுத்துக்கொண்டே போங்கள், மாட்டுகிற இடத்தில் அது இருக்கிறது. வெளிப்பக்கம் டயரை வளைத்து ஒவ்வொரு வெட்டையும் திறந்து பாருங்கள். கண்ணாடிச் சில் உள்ளேயே ஒளிந்துகொண்டு, பாரம் ஏறும்போது மட்டும் குத்தும்.

எடுத்த பிறகும் வாரத்துக்கு இரண்டு முறை இப்படி ஆகிறது என்றால், நடுப்பகுதி தேய்ந்து மெலிந்திருக்கும். காப்புப் பட்டை உள்ள டயர் வாங்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

### ஓட்டை ரிம் பக்கம்

டயரைக் குறை சொல்லாதீர்கள். ரிம் டேப் விலகி, போக்ஸ் கம்பித் துளையின் விளிம்பு டியூபை அறுக்கிறது. கம்பியின் நுனி டேப்புக்குமேல் எட்டிப்பார்ப்பதும் உண்டு. டேப்பை மாற்றுங்கள். ரிம்மின் உள்தரை முழுவதையும் மூடும் அகலம் இருக்க வேண்டும். மொத்த வேலையும் பத்து நிமிடம். இதைப் பார்க்காமல் மூன்று டியூபை வீணாக்கிய பெருமை எனக்கு உண்டு.

### வால்வின் அடியில் கிழிசல்

மெல்லிய பிரஸ்டா வால்வு டியூபை, ஷ்ரேடர் எனப்படும் மோட்டார் சைக்கிள் வகை வால்வுக்கான பெரிய துளையில் போட்டிருக்கிறீர்களா? துளை பெரியது 8.5 மி.மீ., சின்னது 6.5 மி.மீ. இடைவெளியில் டியூப் பிதுங்கிக் கிழியும். இடையில் போடும் சின்ன வளையம் கிடைக்கும். துளை சரிதான் என்றால் காற்றடிக்கும்போது பம்பை வால்வுமேல் சாய்க்கிறீர்கள். சக்கரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். இந்த இடத்தில் ஒட்டுப் பிடிக்காது, டியூபை மாற்றத்தான் வேண்டும்.

### ஓட்டையே கிடைக்கவில்லை, காலையில் காற்று இல்லை

வால்வில் எச்சில் தொட்டு வையுங்கள், குமிழி வருகிறதா பாருங்கள். பழைய வகை வால்வாக இருந்தால் உள்ளே இருக்கும் 'வால் டியூப்' என்ற மெல்லிய ரப்பர்க் குழாய் வெடித்திருக்கும், ஒரு விரல் நீளத் துண்டு மாற்றினால் தீர்ந்தது. பிரஸ்டாவிலும் ஷ்ரேடரிலும் உள்கட்டை தளர்ந்திருக்கலாம், இறுக்குங்கள். அடுத்து டியூபைத் தண்ணீரில் முக்கிப் பழைய ஒட்டுகளின் ஓரத்தைப் பாருங்கள்.

ஒட்டு விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் அவசரம். உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டைவிடப் பெரிதாகத் தடவி, பளபளப்பு போய் மங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் ஒட்டாது. இன்னொன்று, ஒருமுறை திறந்த சொல்யூஷன் டியூப் மூடி வைத்திருந்தாலும் மெல்ல மெல்லக் காய்ந்துவிடும். கிளம்பும் முன் பிதுக்கிப் பாருங்கள்.

## டயரில் கொப்புளம், பக்கச்சுவரில் வெட்டு

பக்கச்சுவரில் மேலாகக் கீறல் மட்டும், உள்ளே நூல் தெரியவில்லை என்றால் ஓட்டலாம். தினமும் காலையில் ஒரு பார்வை போதும்.

நூல் தெரிகிறது, அல்லது வெட்டின் வழியாக டியூப் எட்டிப்பார்க்கிறது: உள்ளே திண்டு வைக்க வேண்டும். பழைய டயரின் பக்கச்சுவரிலிருந்து வெட்டிய துண்டுதான் சிறந்தது, உள்ளங்கை அளவுக்கு ஒன்று என் கருவிப்பையில் எப்போதும் இருக்கிறது. காலி பற்பசை டியூபைப் பிளந்து விரித்தாலும் ஆகும். துண்டை வெட்டுக்கும் டியூபுக்கும் நடுவே வைத்து, காற்றை வழக்கத்தைவிடக் குறைத்து, அந்த டயரைப் பின்னால் போட்டு ஓட்டுங்கள். இது அடுத்த ஊர்வரை போவதற்கான ஏற்பாடுதான்.

கொப்புளம் புடைத்திருக்கிறது: உள்நூல் அறுந்துவிட்டது. ஒட்ட முடியாது. காற்றை இறக்கி, மெதுவாகப் போய், டயரை மாற்றுங்கள். இறக்கத்தில் ஓட்டாதீர்கள்.

வெட்டு ஒரே கோடாகச் சுற்றிலும் ஓடினால் கல்மேல் சந்தேகம் வேண்டாம், பிரேக் கட்டையைப் பாருங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில் கட்டை அரை விரல் உயர்ந்திருந்தாலும் டயரை அரத்தால் தேய்ப்பதுபோலத் தேய்க்கும். புது டயர் போட்டாலும் அதே கதை நடக்கும்.

கூர்மையான பாறைத்துண்டுகள் நிறைந்த பாதைக்குப் போகிறவர்கள், நடுவில் மட்டுமல்லாமல் பக்கச்சுவரிலும் காப்பு உள்ள டயரா என்று கேட்டு வாங்குங்கள். எடை கூடும், ஆனால் மனித நடமாட்டம் இல்லாத இடத்தில் அந்த எடையைச் சுமக்கலாம். குழுவில் எல்லாருக்கும் ஒரே 622 என்றால், மடித்து வைக்கக்கூடிய டயர் ஒன்று பொதுவாக இருந்தால் போதும்.

## சக்கரம் துள்ளுகிறது, அல்லது கோணிக்கொண்டு ஓடுகிறது

சக்கரத்தைச் சுற்றி, டயரின் ஓரத்தில் ரிம்முக்கு இணையாக ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். ஓரிடத்தில் ரிம்முக்குள் புதைந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கையால் பிசைந்து, மீண்டும் அடியுங்கள்.

கோடு சீராக இருந்தும் ரிம்மே இடவலமாக ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். போக்ஸ் கம்பி ஒன்றிரண்டு தளர்ந்திருந்தால் பழகியவர்கள் தாங்களே செய்யலாம். கம்பி அறுந்திருந்தால், மேலும் கீழுமாகத் துள்ளினால், ரிம்மில் விரிசல் தெரிந்தால் மெக்கானிக்கிடம்தான். பிரேக் பிடிக்கும் ரிம் சுவர் குழிந்து தேய்ந்திருப்பதும் இதில் சேர்த்தி. காற்றின் அழுத்தத்தில் ஒருநாள் அது பிளந்துகொள்ளும்.

## புது டயர் சட்டத்தில் உரசுகிறது

எழுதியிருக்கும் அகலமும் உண்மையான அகலமும் ஒன்றல்ல. அகலமான ரிம்மில் 40 மி.மீ. டயர் 42 ஆக விரியும். காற்றடித்து ஒரு நாள் கழித்து அளந்து பாருங்கள். இருபுறமும் 6 மி.மீ. இடைவெளி இல்லாமல் மண்பாதைக்குப் போகாதீர்கள். டயரில் ஒட்டிக்கொண்டு வரும் சிறுகல் சட்டத்தைச் சுரண்டும், சேறு நிரம்பினால் சக்கரமே நின்றுவிடும். மட்கார்டு உள்ளவர்கள் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அளக்க வேண்டும்.

ஒருபக்கம் மட்டும் உரசினால் சக்கரம் கோணலாக மாட்டியிருக்கும், கழற்றி மாட்டுங்கள். இரண்டு பக்கமும் என்றால் ஒரு அளவு கீழே இறங்க வேண்டியதுதான். சட்டத்தைத் தட்டி அகலப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உரசிய இடத்தில் பெயின்ட் மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, உலோகத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ கார்பன் நார் தெரிந்தாலோ தெரிந்தவரிடம் காட்டாமல் பயணம் கிளம்பாதீர்கள்.

## டியூப்லெஸ் டயரில் காற்று நிற்கவில்லை

சக்கரத்தைக் கழற்றிக் காதருகே குலுக்குங்கள். தளும்பும் சத்தம் இல்லையென்றால் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றும் திரவம், காய்ந்துவிட்டது. வெயிலைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதத்துக்குள் இது நடக்கும். ஊற்றுங்கள். சீலன்ட் இருந்தும் போக்ஸ் கம்பித் துளை வழியாகக் காற்று வந்தால் உள்டேப் கிழிந்திருக்கிறது, அதைப் பாதையோரத்தில் செய்ய வேண்டாம். பெரிய ஓட்டை என்றால் பிளக் எனப்படும் ரப்பர்த் திரியைச் சொருகுங்கள்.

பிளக்கும் நிற்காவிட்டால் டியூப் போட வேண்டியதுதான். இங்கே ஒரு எச்சரிக்கை: டியூப்லெஸ் டயரில் இத்தனை நாளாகக் குத்தி, சீலன்ட் அடைத்து, உங்களுக்குத் தெரியாமலே தங்கிவிட்ட முட்கள் பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாவற்றையும் பிடுங்காமல் டியூபைப் போட்டால் அது சல்லடையாகிவிடும்.

ரிம்மின் உள்விளிம்பில் கொக்கி இல்லாத வகை என்றால், அதற்கென்று குறித்த டயர்தான் போட வேண்டும், 5 பாரைத் தாண்டக் கூடாது. டயர் அதற்கு ஏற்றதா என்று பக்கச்சுவரில் தெளிவாக இல்லாவிட்டால் கடைக்காரரைக் கேட்காமல் மாட்டாதீர்கள்.

## பின் டயர் மட்டும் சீக்கிரம் தேய்கிறது

இது கோளாறு இல்லை. எடையும் மிதியும் பின்னால்தான் விழுகின்றன. நடுப்பகுதி தட்டையாகி, பட்டன்கள் தரைமட்டமானால் மாற்றுங்கள், நூல் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். புது டயரைப் பின்னால் போடாமல், முன் டயரைப் பின்னுக்கு மாற்றிவிட்டுப் புதியதை முன்னால் போடுங்கள்.

பயணத்துக்கு முந்தைய நாள் மட்டும் இதைச் செய்யாதீர்கள். புது டயர் மாட்டியதும் முழு மூட்டையோடு 50 கிலோமீட்டராவது, தாரும் மண்ணும் கலந்த பாதையில் ஓட்டுங்கள். பிறகு டயரின் ஓரத்தில் ரிம்முக்கு இணையாக ஓடும் அந்த மெல்லிய கோட்டை ஒருமுறை பார்த்து, காற்றை மறுபடி அளந்து, வந்த எண்ணைக் கேரியர் கம்பியில் ஒட்டிய டேப்பில் எழுதி வையுங்கள்.